இளங்குதிரை முதல் சவாரிக்குத் தயாராவது எப்படி?

மூன்றரை வயதுக் குதிரையின் முதுகில் முதன்முதலாக ஆள் ஏறி இறங்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் தரையில் நின்றபடி நடக்கும் நாலைந்து வார வேலைதான் பயிற்சி. அது ஒழுங்காக நடந்திருந்தால், ஆள் ஏறும் நாளில் வேடிக்கை பார்க்க எதுவும் இருக்காது. குதிரை ஒருமுறை காதைப் பின்னால் திருப்பிவிட்டு நிற்கும், அவ்வளவுதான். அன்றைக்குத் துள்ளலும் உதையும் வந்தால், முந்தைய வாரங்களில் ஏதோ ஒரு படியைத் தாண்டி வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்த வாரங்களில் என்ன நடக்கிறது, ஏன் அந்த வரிசையில் நடக்கிறது என்று இங்கே பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பழகாத குதிரையும் பழகாத ஆளும் சேரக் கூடாது. இதைப் படித்துவிட்டுத் தனியாக ஒரு குட்டியைப் பழக்கக் கிளம்பாதீர்கள். உங்கள் குதிரையைப் பழக்குகிறவர் செய்வது சரிதானா என்று தெரிந்துகொள்ளவும், பக்கத்தில் நின்று கைகொடுக்கவும் இது பயன்படும்.

வயது, பல், எடை

குதிரையின் எலும்புகள் அவற்றின் நுனியில் உள்ள குருத்தெலும்புத் தட்டுகளில்தான் வளர்கின்றன. அவை எலும்பாக இறுகுவது காலின் அடியிலிருந்து மேல்நோக்கி நடக்கும். குளம்புக்குச் சற்று மேலே உள்ளவை முதல் ஆண்டுக்குள் இறுகிவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ளது ஏறக்குறைய இரண்டரை வயதில். முதுகெலும்புத் தொடரில் உள்ளவைதான் கடைசி, அவை முழுதாக இறுக ஐந்து வயதுக்கு மேல் ஆகும். சேணம் உட்காருவது அங்கேதான்.

பந்தயக் குதிரைகளை ஒன்றரை, இரண்டு வயதிலேயே ஏறிப் பழக்குகிறார்கள். கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடிய தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் அப்படி வந்தவைதான். அது பந்தயத் தொழில் வகுத்த வயது. சவாரிக்கு வளர்க்கும் குதிரைக்கு அந்த அவசரம் தேவையே இல்லை. மூன்று வயதில் தரைப்பயிற்சி, மூன்றரையில் எடை குறைந்த ஒருவர் ஏறுவது, நாலு வயது தாண்டி ஒழுங்கான வேலை என்று வைத்துக்கொண்டால் குதிரையின் முதுகு தப்பிக்கும். அதுவரை லாயத்திலேயே கட்டிப் போடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. குட்டியாக இருக்கும்போதே வெட்டவெளியில் ஓடி விளையாடினால்தான் எலும்பும் தசைநாரும் உறுதிப்படும்.

விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையானாலும் சரி, வேறெங்கே ஒரு மார்வாரி இனக் குட்டியை வாங்கினாலும் சரி, உதட்டைத் தூக்கி முன்பற்களைப் பாருங்கள். நடு ஜோடிப் பால்பற்கள் ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். பால்பல் சிறியது, வெளுப்பானது, ஈறருகே இடுங்கியிருக்கும். நிலைப்பல் அகலமானது, மஞ்சள் தட்டியது. நடு ஜோடி மட்டும் பெரிதாகவும் பக்கத்துப் பற்கள் பொடியாகவும் இருந்தால் அந்தக் குட்டிக்கு இன்னும் மூன்றரை ஆகவில்லை.

வாயைத் திறந்தது திறந்தோம், கால்நடை மருத்துவரைக் கொண்டு உள்ளேயும் பார்த்துவிட வேண்டும். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால், பெரும்பாலும் மேல்தாடையில், சில குதிரைகளுக்கு உதிரியாக ஒரு சின்னப் பல் இருக்கும். கடிவாளத்தின் வாய்க்கம்பி அதில் இடித்தால் குதிரை தலையை உதறும். இரண்டரை முதல் நாலு வயது வரை கடைவாயிலும் பால்பற்கள் கழன்றுகொண்டிருப்பதால் ஈறு புண்பட்டிருக்கலாம். வலியால் தலையை உதறும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று அடிக்கும் கொடுமை நம் லாயங்களில் இன்றும் நடக்கிறது.

எடைக் கணக்கு எளிது. வளர்ந்த குதிரைக்கு, ஆளும் சேணமும் சேர்த்து, அதன் உடல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இளங்குதிரைக்கு 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 350 கிலோ குதிரை என்றால் 52 கிலோ. சேணம் 7 கிலோ என்றால் ஏறுகிறவர் 45 கிலோ இருக்க வேண்டும். உரிமையாளர் 80 கிலோ என்றால், தன் குதிரையில் முதலில் ஏறும் ஆசையை அவர் விட்டுவிடத்தான் வேண்டும்.

அழுத்தம், அதை விடும் கணம்

குதிரை எதை வைத்துக் கற்றுக்கொள்கிறது? பிடிகயிறு இழுப்பது, கால் விலாவில் படுவது, கை தோளைத் தள்ளுவது எல்லாமே அதற்கு ஒரு தொந்தரவு. அதிலிருந்து விடுபட எதையாவது செய்து பார்க்கும். எதைச் செய்த கணத்தில் தொந்தரவு நின்றதோ அதுதான் சரியான விடை என்று பதித்துக்கொள்ளும். இழுப்பது வெறும் கேள்வி, விடுவதில்தான் குதிரை பாடம் படிக்கிறது.

நடக்கக் கற்றுக்கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம். குதிரையின் இடது தோளருகே நின்று, பிடிகயிற்றை முன்னோக்கி லேசாக இழுத்து, அந்த அளவிலேயே நிலையாக வைத்திருக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது. குதிரை முதலில் தலையை உயர்த்தலாம், பின்னால் சாயலாம், பக்கவாட்டில் திரும்பலாம். எதற்கும் கயிறு தளரக் கூடாது. ஒரு முன்னங்குளம்பு தரையை விட்டு எழுந்த அந்த நொடியிலேயே கயிறு தொய்ந்துவிட வேண்டும். இரண்டு மூன்று நொடி கழித்து விட்டால் எந்தச் செயலுக்காக விட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தலையை உதறியபோது பயந்து விட்டுவிட்டீர்கள் என்றால், தலையை உதறினால் கயிறு தளரும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்கு இன்னும் பலமாக உதறும். ‘முரட்டுக் குதிரை’ என்று பெயரெடுக்கும் பல குதிரைகள் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் பிசகாமல் செய்கின்றன.

இதே முறையில் நடப்பது, நிற்பது, நாலடி பின்வாங்குவது, விலாவில் விரல் வைத்தால் பின்பக்கத்தை நகர்த்துவது, தலையைப் பக்கவாட்டில் வளைத்துக் கொடுப்பது என்று ஐந்து விடைகள் வந்துவிட்டால் சவாரிக்கான அடித்தளம் தயார். கடைசி இரண்டும் உயிர் காப்பவை. பதறும் குதிரையின் தலையை மெல்ல ஒரு பக்கம் வளைத்து, பின்னங்கால்களை விலக வைத்தால் பாயும் விசை குறைந்துவிடும். தரையில் இதைக் கற்காத குதிரையின்மேல் ஏறி, அது ஓடும்போது கடிவாளத்தின் ஒரு பக்கப் பிடிவாரை வெடுக்கென்று இழுத்தால் குதிரையும் ஆளும் சேர்ந்து விழுவார்கள்.

எல்லாவற்றையும் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் பழகியது மறுபக்கமும் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம், அங்கே பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நம் ஆட்கள் எப்போதும் இடப்பக்கமாகவே போவதால் வலப்பக்கம் புதிதாகவே இருந்துவிடுகிறது.

ஒரு தடவைக்கு 15 முதல் 25 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் போதும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். 15 முதல் 18 மீட்டர் விட்டமுள்ள வட்டப் பட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எதுவும் இல்லாத உயரமான வேலி, வழுக்காத மணல் தரை, கண்ணுக்கெட்டும் தூரத்தில் வேறொரு குதிரை இருந்தால் நல்லது. தனியாக விடப்பட்ட இளங்குதிரையின் கவனம் முழுக்கத் தன் கூட்டத்தைத் தேடுவதிலேயே இருக்கும். லாயத்திலேயே நிறுத்தி வைத்து, கொள்ளும் ஓட்ஸும் அள்ளிப் போட்டுவிட்டுப் பயிற்சிக்கு அழைத்து வந்தாலும் இதே கதைதான்.

அசையாமல் நிற்பதைச் சம்மதம் என்று நினைக்காதீர்கள்

அடுத்த கட்டம் தொடுதலுக்குப் பழக்குவது. சாக்கு, துண்டு, கயிறு, சேணத்தின் அடித்துணி என்று ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்க விட்டு, தோளில் தொடங்கி உடம்பெங்கும் தடவ வேண்டும். குதிரை கலங்கும் இடத்துக்கு அரையடி முன்பாகவே நிறுத்தி, அது ஒரு மூச்சு அமைதியாக நின்றதும் துணியை எடுத்துவிட வேண்டும். மறுமுறை அந்த இடத்தைச் சற்றுத் தாண்டிப் போகலாம். துள்ளும்போது எடுத்தால் துள்ளுவதுதான் வழி என்று கற்றுக்கொள்ளும். துள்ளத் துள்ள விடாமல் போர்த்தி வைத்தால் வேறொரு ஆபத்து வரும். இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறும் அதுதான்.

தப்பிக்க வழியே இல்லை என்று உணர்ந்த குதிரை உறைந்துபோய் நிற்கும். பார்ப்பவர் ‘அடங்கிவிட்டது’ என்பார். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜான் ரேரி 1858இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் நடத்திய காட்சிகள் உலகப் புகழ் பெற்றவை. முன்னங்காலை மடக்கி வாரால் கட்டி, குதிரை களைத்துப் படுக்கும்வரை விட்டு, பிறகு உடம்பெங்கும் தடவிக்கொடுப்பார். அவர் சாட்டையால் அடித்தவரல்ல, அந்தக் காலத்துக்கு அது மென்மையான முறையும்கூட. ஆனாலும் போராடிப் பயனில்லை என்று கண்ட விலங்கு கைவிட்டுப் படுப்பதும், அச்சம் தெளிந்து நிற்பதும் ஒன்றல்ல. கைவிட்ட குதிரை பல நாள் பொம்மை மாதிரி நிற்கும், பிறகு ஒருநாள் அங்கவடி (ஏறுகிறவர் கால் வைக்கும் வளையம்) விலாவில் தட்டியதும் முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கும்.

இரண்டையும் பிரித்தறிவதைக் கற்றுக்கொள்வது எந்தச் சாமானையும் விட முக்கியம். அமைதியான குதிரை கண் சிமிட்டும். காதுகள் தனித்தனியாக அசையும், ஒன்று உங்கள் பக்கம், ஒன்று வெளியே. கழுத்து முதுகு மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருக்கும், கீழுதடு தளர்ந்திருக்கும், வால் காற்றுக்கு ஆடும். உறைந்த குதிரையின் கண் விரிந்து ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும், மேலிமையில் சுருக்கம் விழும். மூக்குத்துளை விறைத்து, தாடை இறுகி, வால் தொடைகளுக்கு நடுவே அழுந்தியிருக்கும். விலாவில் உள்ளங்கையை வைத்தால் தசை பலகையாக இருக்கும், மூச்சு ஏறி இறங்குவதே தெரியாது.

சந்தேகமாக இருந்தால் ஓரடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். அமைதியான குதிரை சாதாரணமாகக் காலெடுத்து வைக்கும். உறைந்தது வேரூன்றி நிற்கும், அல்லது எகிறிப் பாயும். நாடியும் பார்க்கலாம். தாடையெலும்பின் உள்விளிம்பில் ஓடும் இரத்தக்குழாயை இரு விரலால் லேசாக அழுத்தி, 15 நொடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஓடாமல் நின்றுகொண்டிருக்கும் குதிரைக்கு 80 துடித்தால், வெளியே என்ன தெரிந்தாலும் உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கிறது. நாக்கைச் சுழற்றி வாயை மெல்லுவதைப் ‘புரிந்துகொண்டது’ என்பதற்கு அடையாளமாகச் சொல்வார்கள். பதற்றம் இறங்கத் தொடங்கும்போது வருவது அது. அந்தளவு பதற்றம் ஏன் ஏறியது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சேணமும் கடிவாளமும்

முதல் நாளே சேணத்தை ஏற்றாதீர்கள். அடித்துணி, அதன்மேல் அகலமான ஒரு வயிற்றுப் பட்டை, பிறகு சேணம் என்று போக வேண்டும். பட்டை போடுவதற்கும் முன்னால், நீளக் கயிறு ஒன்றை வயிற்று வார் வரும் இடத்தில் சுற்றி, கையால் மெல்ல இறுக்கி, குதிரை தளர்ந்ததும் விட்டு, இப்படிச் சில நாள் செய்தால் வயிற்றைப் பிடிக்கும் உணர்வு அந்நியமாக இராது. முரண்டு பிடித்தால் கயிற்றை விட்டுவிடலாம். வாரைப் பூட்டிவிட்டால் அப்படி விட முடியாது.

சேணம் ஏற்றும்போது குதிரையைக் கம்பத்தில் கட்டக் கூடாது. ஒருவர் பிடிகயிற்றைக் கையில் வைத்திருக்க, மற்றவர் ஏற்ற வேண்டும். கட்டிய நிலையில் பின்னால் இழுக்கும் குதிரைக்குக் கழுத்து எலும்பு பழுதாகலாம். சேணம் தோள்பட்டை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் பின்னால் தொடங்கி, கடைசி விலா எலும்பைத் தாண்டாமல் முடிய வேண்டும். பிடரி முடியும் இடத்தில் உள்ள மேட்டுக்கும் சேணத்தின் வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் புகுவது அவசியம்.

வயிற்று வாரை மூன்று தவணையாக இறுக்குவது வழக்கம். முதலில் சேணம் நழுவாத அளவு, சில அடி நடத்திவிட்டு ஒரு துளை, மறுபடி நடத்திவிட்டு இன்னொன்று. பாவமே என்று தளர விடுவது பெரிய கேடு. தளர்ந்த சேணம் சுழன்று வயிற்றுக்கடியில் தொங்கி, பின்னங்காலில் அடிக்க அடிக்கக் குதிரை ஓடினால், அந்தக் குதிரையைச் சேணத்துக்குத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். நடக்கும்போது சும்மா இருந்த குதிரை முதல் டிராட்டில் (நடைக்கு அடுத்த வேகமான ஓட்டம்) துள்ளலாம். மூச்சு பெருத்து வார் புதிதாகப் பிடிப்பதே காரணம். பிடித்து நிறுத்திச் சண்டை போடாமல், வட்டத்தில் முன்னோக்கிப் போக விட்டால் நாலைந்து சுற்றில் அடங்கும். தினமும் வார் பூட்டும்போது கடிக்க வருகிறது, முதுகைத் தாழ்த்துகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதுகுவலியா, வயிற்றுப்புண்ணா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிடும் லஞ்சிங்கில் ‘நட’, ‘ஹோ’ போன்ற இரண்டு மூன்று குரல் கட்டளைகளை உறுதியாகப் பதிக்க வேண்டும். ஆள் ஏறிய பிறகு குதிரைக்குத் தெரிந்த ஒரே மொழி இதுவாகத்தான் இருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சிறு வட்டம் மூட்டுகளைத் திருகும்.

கடிவாளத்துக்கு வழவழப்பான, நடுவில் மூட்டுள்ள ஸ்னாஃபிள் என்ற சாதாரண வாய்க்கம்பி போதும். வாயின் இருபுறமும் அரை சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். முதல் சில நாள் பிடிவார் இல்லாமல் வெறுமனே 15 நிமிடம் வாயில் இருக்கட்டும். மிகத் தாழ்வாகத் தொங்கினால் நாக்கை அதன்மேல் போட்டுக்கொள்ளும் பழக்கம் வரும், பிறகு விடாது. மூக்கு வாரின் கீழ் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். முள் வைத்த கடிவாளம் குதிரைக்கு வலியைத் தவிர எதையும் கற்றுத் தராது. அது சட்டப்படியும் குற்றம். வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் அதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன.

ஏறும் நாள்

மூன்று பேர் வேண்டும்: தலைப்பக்கம் பிடிகயிற்றோடு குதிரைக்கு நன்கு தெரிந்த சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்), ஏறுகிறவர், அவரைத் தூக்கிவிட ஒருவர். ஏறுகிறவர் தலைக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்திருக்க வேண்டும். குதிரையின் கழுத்தில் ஒரு தனி வார் கட்டியிருக்க வேண்டும். தடுமாறினால் அதைத்தான் பிடிக்க வேண்டும், பிடிவாரைப் பிடித்தால் முதல் நாளே வாயில் அடி விழும்.

குதிரைக்கு இரு கண்களும் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை பார்க்கும். தலைக்கு நேர் பின்னால் ஒரு சிறு துண்டு மறைவு. ஆள் ஏறும்போது இடது கண்ணில் தெரிந்தவர் உயரமாகிறார், அந்த மறைவுக்குள் போகிறார், வலது கண்ணில் திடீரென்று ஒரு காலாக வெளிப்படுகிறார். குதிரை அதிர்வது பெரும்பாலும் எடையால் அல்ல, இந்தக் காட்சியால். ஆகவே முந்தைய நாட்களிலேயே வேலியின்மேலோ மேடையிலோ ஏறி நின்று, இரு பக்கமும் குதிரையின் தலைக்கு மேலாக ஆள் தெரிவதைப் பழக்கிவிட வேண்டும். பக்கத்தில் நின்று குதிப்பதும், அங்கவடியைச் சேணத்தில் தட்டுவதும் அதே நாட்களில் நடக்கும்.

ஏறும் அன்று முதலில் சேணத்தின்மேல் கைகளை ஊன்றிச் சாய்ந்து இறங்க வேண்டும். பிறகு சில நொடி சேணத்துக்குக் குறுக்கே வயிற்றால் படுத்து இறங்க வேண்டும். குதிரை உடம்பைத் தளர்த்தினால் மறுபடி படுத்து, வலப்பக்கத் தோளையும் விலாவையும் கையால் தடவிக்கொடுக்க வேண்டும். பின்னால் கால் வரப்போகும் இடத்தை இப்படி முன்கூட்டியே அறிமுகப்படுத்துகிறோம். படுத்தபடியே சைஸ் இரண்டு அடி நடத்துவார். எடை மேலே இருக்கும்போது காலெடுத்து வைக்கப் பழகாத குதிரையின்மேல் கால் போட்டு அமரக் கூடாது. இவ்வளவும் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

அமரும்போது உடம்பைக் கழுத்தோடு தாழ்த்தி, காலைப் பிட்டத்தில் இடிக்காமல் கடத்தி, தொம்மென்று விழாமல் சேணத்தில் எடையை மெல்ல இறக்க வேண்டும். நிமிர்வது அதற்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நிமிடம் இருந்து இறங்கி, இன்னொரு முறை ஏறி நாலடி நடந்து இறங்கினால் அன்றைய வேலை தீர்ந்தது. நன்றாகத்தானே நிற்கிறது என்று இன்னொரு சுற்று போவதில்தான் பல முதல் நாட்கள் கெட்டிருக்கின்றன.

அதற்குப் பின்

குதிரை சும்மா நிற்கும்போதே உடல் எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 60 சதவீதம், முன்னங்கால்களில்தான் இருக்கிறது. ஆள் ஏறியதும் அது இன்னும் முன்னால் சாய்கிறது. முதல் வாரங்களில் குதிரை தள்ளாடுவதும், வளைவில் வேகம் கூட்டுவதும், தடுக்குவதும் அதனால்தான். அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணித் தண்டிக்காதீர்கள். பெரிய வளைவுகளாக, நேர்க்கோடாக நடத்துங்கள்.

முதல் வாரம் சைஸ் நடத்துவார், மேலே இருப்பவர் வெறும் பயணி. பிறகு மேலே இருப்பவர் ‘நட’ என்று சொல்லிவிட்டு காலை லேசாக அழுத்த வேண்டும். குதிரை குரலுக்கு நகரும், காலழுத்தத்தின் பொருளைக் குரலிலிருந்து கற்கும். நகர்ந்த நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். சில நாட்களில் குரல் இல்லாமலேயே நகரும். நகர மறுத்தால் உதைக்க வேண்டாம். கீழே இருப்பவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஓரடி வைக்கச் செய்தால் ஊன்றிய கால்கள் அவிழும். டிராட் இரண்டு மூன்று வாரம் கழித்து. கேன்டருக்கு (டிராட்டுக்கு அடுத்த வேகம்) அவசரமே வேண்டாம், குதிரை தானாகச் சமநிலை கண்ட பிறகு நேரான வழியில் கேட்கலாம். பட்டிக்கு வெளியே போகும் முதல் சில தடவை, வயதான அமைதியான குதிரை ஒன்று முன்னால் போகட்டும்.

தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் நடை, டிராட், திரும்புதல், நிறுத்தம் நாலும் வந்துவிட்டால் மூன்றரை வயதுக் குதிரைக்கு அது தாராளம். அதோடு நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் மேய்ச்சலில் விட்டுவிடுவது பல நாடுகளில் பழைய வழக்கம். கற்றதை மறந்துவிடாது, உடம்பும் தேறும். திரும்ப எடுக்கும்போது முதல் நாள் நேராக ஏறாமல், துணியிலிருந்து தொடங்கி எல்லாப் படிகளையும் ஒரே காலையில் வேகமாக ஓட்டிப் பாருங்கள். பழைய சேணம் பொருந்துகிறதா என்றும் புதிதாக அளந்து பார்க்க வேண்டும், அந்த வயதில் மூன்று மாதத்தில் முதுகும் தோளும் வேறு வடிவத்துக்கு வந்திருக்கும்.